பதினாலாவது விதி

“உறுப்பினர் இல்லாதவங்க இங்க வாயைத் திறக்கக் கூடாது. பதினாலாவது விதி. தெரியுமா உனக்கு?”

குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம். செயலாளர் போட்ட சத்தத்தில் மைக் கிறீச்சிட்டது. வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில் எழுந்து நின்றவள், ஆறாவது மாடி வீட்டில் சமைக்கிறவள்.

“ரெண்டே நிமிஷம் சார். வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறீங்க. படியேறப் போற முழங்கால் எங்களோடது. ஆறு மாடி தினமும் ஏறி இறங்கினா என் கால் போயிடும். கால் போனா வேலையும் போயிடும். அதை நான் சொல்ல வேண்டாமா?”

“உன் முதலாளியம்மா வந்து சொல்லட்டும்.”

“அவங்க ஊர்ல இல்லையே.”

“அப்போ அந்த வீட்டுக்குப் பேச ஆளில்லை. அவ்வளவுதான்.”

மூன்றாம் மாடி டாக்டரம்மா உச்சுக் கொட்டினார். “கொஞ்சம் இடம் கொடுத்தா போதும், தலை மேல ஏறிடுவாங்க.”

“தலை மேல எதுக்கும்மா? லிஃப்ட்ல ஏறினா போதும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் மேஜையைத் தட்டினார்.

“வெளியே போறியா, வாட்ச்மேனைக் கூப்பிடவா?”

“அவர் இதோ இருக்காரே.” பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

“போறேன் சார். விதின்னா விதிதான்.” நேராக மேஜைக்கு வந்தாள். “அந்த வருகைப் பதிவேட்டைக் கொடுங்க. எங்க அஞ்சு பேர் கையெழுத்தையும் அடிச்சிட்டு எல்லாருமா போயிடறோம்.”

“உங்க கையெழுத்தா? அதில எப்படி வந்தது?” என்றார் டாக்டரம்மா.

“நாற்பது பேர் இல்லைன்னா கூட்டமே செல்லாதாம்மா. முப்பத்தஞ்சு பேர்தான் வந்திருந்தீங்க. சார்தான் எங்களைக் கூப்பிட்டு, வராத வீடுகளுக்கு நேரே கையெழுத்துப் போடச் சொல்லி, இப்படி உட்காரவும் வெச்சார்.”

எல்லோரும் செயலாளர் பக்கம் திரும்பினார்கள்.

செயலாளர் மைக்கை அணைத்தார். குரல் அடியோடு இறங்கிவிட்டது.

“உட்காருங்கம்மா. ரெண்டு நிமிஷம் என்ன, பத்து நிமிஷமே பேசுங்க.”

“ஐயோ, விதியை மீறலாமா சார்?” என்று கையை நீட்டினாள். “பேனாவை மட்டும் கொடுங்க.”