அயற்சொல் அபாயம்

"பெருமக்களே! இன்று முதல் ஒருவர் வாயில் மற்றொருவர் சொல் புகுந்து வந்தால், கேட்பவர் காதில் மாட்டியிருக்கும் ஆபத்து எச்சரிக்கைக் கருவி இனி அதற்கும் உடனே எச்சரிக்கும்!" என்றது அரசு அறிவிப்பு.

இந்த நாளுக்காகத்தான் பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் எழுதிய உரைகளைப் பேசியே 'சொற்கொண்டல்' பட்டம் வாங்கிய ஞானசிகாமணி, "நீ எழுதலைன்னா எனக்குப் பேச வராதாம்மா?" என்று அவளைத் துரத்தியிருந்தார். இன்று அவருக்குப் பாராட்டு விழா. ஏற்புரையும் அவளுடைய பழைய உரைதான்.

"மாட்டுனாரு மனுஷன்!" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி செண்பகத்திடம்.

அவர் வாய் திறந்ததும் எல்லார் காதிலும் கருவி அலறியது: "அபாயம்! இவை இவர் சொற்கள் அல்ல. தொடரலாமா?"

ஆயிரம் விரல்கள் காதைத் தட்டின. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"என்னடி, ஒருத்தரும் எந்திரிக்கல?"

"இந்தக் கருவி வெயிலுக்கும் கத்துது, வடைக்கும் கத்துது. யாரு கேக்குறாங்க? தொடரட்டும்னு தட்டிட்டேன்."

பழக்கதோஷத்தில் பூங்கோதையும் தட்டியிருந்தாள்.