யவனக் கப்பல்

அந்தக் கப்பல் முங்கித் தொலைந்தால் போதும் என்று பேச்சி வேண்டிக்கொண்டாள். கப்பலில் இருநூறு பேர் இருந்தார்கள், நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் இருந்தாள். இருக்கட்டுமே, பேச்சிக்கென்ன? எல்லாரும் கூண்டோடு போகட்டும்.

“அலை பனமர உசரத்துக்கு எழும்புது. யவனங்க எல்லாம் கடல்ல குதிக்காங்க. கீரன் மட்டும் சுக்கானை விடல” என்று வாசித்தாள் பாண்டிச்செல்வி.

கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கில் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? அந்தக் கிடங்கில் எட்டுப் பெண்கள், எட்டுப் பேரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள். ஒருத்தி பெட்டிமேல் உட்கார்ந்து கதைப்புத்தகம் வாசிப்பாள், அவள் பங்குச் சுக்கை மற்ற ஏழு பேரும் பொறுக்கிக் கொடுப்பார்கள். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டி பேச்சியுடையது. சங்கரன்கோவிலில் எட்டாவது வரை படித்தவள் அவள். மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு.

பாழாய்ப்போன காய்ச்சல் வந்து அவள் இருபது நாள் படுத்தாள். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிமேல் இந்தப் புதுப்பெண். இங்கே கொச்சியில், கலூரிலேயே பிறந்து, அங்கேயே பத்தாவது படித்தவளாம். கையில், பழைய பேப்பர் கடை அழகர் சும்மா கொடுத்த, அட்டை போன தடிப்புத்தகம் ஒன்று. முசிறித் துறையிலிருந்து மிளகேற்றிக்கொண்டு யவன தேசம் போகிற கீரன் என்கிற மாலுமியின் கதையாம். பேச்சி திரும்பி வந்து பத்து நாளாகிறது, ஒரு வாயாவது ‘பேச்சி, நீ வாசி’ என்று சொன்னதா?

வாசிக்கிற லட்சணமாவது உண்டா? பேச்சி என்றால் முற்றுப்புள்ளி, காற்புள்ளி பார்த்து, நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். இவளோ ராஜா ராணி பேசுகிற செந்தமிழையெல்லாம் கொச்சையாக்கி விடுகிறாள். அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

“பேச்சி வாசிச்சா பள்ளிக்கூடத்துல இருக்க மாதிரி இருக்கும். இவ வாசிச்சா நாமளே கப்பல்ல இருக்கோம்” என்றாள் பக்கத்தில் இருந்த மகா.

மகா பேச்சியின் ஊர்க்காரி, ஒரே வண்டியில் பிழைக்க வந்தவள். அவளே இப்படிச் சொன்னதும் பேச்சிக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“பிள்ளைக்குத் தொண்டை கட்டிப் போச்சு. கொண்டா இங்க, மிச்சத்த நான் வாசிக்கேன்.”

பாண்டிச்செல்வி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “தொண்டைக்கு ஒண்ணுமில்லக்கா. ஒரு சாயா குடிச்சா சரியாயிரும். நானே தீர்த்துருதேன்.”

“ஏன், நான் வாசிச்சா கப்பல் போகாதா?”

“அதுக்கில்லக்கா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க.”

பெட்டியை விட மனசு வருகிறதா பார் என்று நினைத்தாள் பேச்சி. வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கினாள். பாண்டிச்செல்வியின் முகம் வெளிறிப்போனதைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆனந்தமாக இருந்தது.

ஒன்பது வருஷத்துப் பெட்டியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். அந்தப் பெண் விரல் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று தொடங்கினாள்.

“மகத நாட்டு அமைச்சர் குதிரையை விட்டு இறங்கினார். அந்தப்புரத்துச் சேடி நடுங்கும் கரங்களால் ஓலையை நீட்டினாள்.”

“மகதமா?” என்றாள் ஒருத்தி. “கடல்ல ஏது குதிரை?”

“கீரனுக்கு என்னாச்சு? அத வாசி மொதல்ல” என்றாள் இன்னொருத்தி.

பேச்சி ஒரு பக்கம் தள்ளினாள். அங்கேயும் கோட்டை, அகழி, யானைப்படை. முன்னால் பத்துப் பக்கம், பின்னால் இருபது பக்கம் புரட்டினாள். கடல் இல்லை, முசிறி இல்லை, யவனன் ஒருத்தன்கூட இல்லை. கீரன் என்கிற பெயரைக் காணவே காணோம்.

“அப்படி ஒருத்தனும் இதுல இல்லியே” என்றாள்.

மகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொறாமையில நீயா இட்டுக்கட்டி வாசிக்காத பேச்சி. அந்தப் பிள்ளை இத்தன நாளா வாசிச்சத நாங்க கேக்கலியா? உள்ளத உள்ளபடி வாசி, இல்லன்னா எந்திரி.”

எல்லாரும் தன்னையே முறைப்பதைப் பார்த்துப் பேச்சிக்குக் கண் கலங்கியது. ஓர் எழுத்து விடாமல் உள்ளபடியேதான் வாசிக்கிறாள், அதைப் போய் இட்டுக்கட்டு என்கிறார்கள். மறுபடியும் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்தாள்.

பாண்டிச்செல்வி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பேச்சியின் காதருகே குனிந்தாள்.

“காட்டிக் கொடுத்துராதீங்கக்கா. எனக்கு மலையாளம் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும்.”