கதிர்வீச்சுக்குப் பயந்தவர்

தச்சநல்லூர் கைலாசத்துக்குக் கதிர்வீச்சு என்றாலே நடுக்கம். மகள் அனுராதா பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து அவளைச் செல்போனைத் தொடவே விடவில்லை. டவர் தெரிகிற ஜன்னலையும் ஆணி அடித்து மூடிவிட்டார்.

மருமகன் குமரகுருபரனுக்குக் கதிர்வீச்சு அளக்கிற வேலை. மாமனாரின் நச்சரிப்பு தாங்காமல், இந்த முறை வரும்போது கருவியையும் கொண்டுவந்திருந்தான்.

"ஓரிடம் விடாமப் பாருங்க மாப்ளே," என்று பின்னாலேயே நடந்தார் கைலாசம்.

அடுப்படி, கிரானைட் தரை, சுவர் எல்லாம் பார்த்தாயிற்று.

"பயப்பட ஒண்ணுமில்ல மாமா," என்றபடி குமரகுருபரன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கருவி படபடவென்று கத்தத் தொடங்கியது.

"கழுத்துல என்னது அனு?"

"கதிர்வீச்சைத் தடுக்குத டாலராம். அப்பாதான் வாங்கிப் போட்டுவிட்டாவ."

"இதுல தோரியம் கலந்திருக்கும் போல. வீட்டுலயே இது ஒண்ணுலதான் கதிர்வீச்சு அதிகம். முதல்ல கழட்டு!"

கைலாசம் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் கழுத்திலும் போன வாரம் அவரேதான் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்.