குட்டி பிறந்த நாள்

ஒச்சப்பன் அரண்மனை லாயத்துக்கு ஓடி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வீட்டில் அவன் மனைவி மாயக்காவுக்கு விடியலிலிருந்து வலி. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. சுற்றுவட்டாரத்துக்கே மருத்துவச்சி பூவாத்தா ஒருத்திதான். அவளோ ஜமீன்தாரின் வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில், முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிரையும் ஈன முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

"எசமான், ஆத்தாள ஒரு நாழிகை மட்டும் அனுப்புங்க" என்று மண்ணில் விழுந்தான்.

ஜமீன்தார் திரும்பவில்லை. மணியக்காரர்தான் பதில் சொன்னார்: "குதிரைக்கு முடியட்டும்டா. உன் பொண்டாட்டி எங்க ஓடிப்போகப் போறா?"

பூவாத்தா எழப் பார்த்தாள். சேவகன் ஒருவன் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

உச்சி வெயிலில் குட்டி விழுந்தது. நடுங்கும் கால்களில் அது எழுந்து நின்றதும் ஜமீன்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டிலிருந்து சீனியை அள்ளி ஒச்சப்பன் கையில் கொட்டினார்.

"சந்தோஷமான நாளுடா. தின்னு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தின்னாமல் அங்கிருந்து நகர முடியாது. ஒச்சப்பன் வாயில் போட்டு அவசரமாக விழுங்கினான். பூவாத்தாவின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினான்.

அரண்மனை வாசலில் மாயக்காவின் அண்ணன் நின்றிருந்தான். ஒச்சப்பனின் உதட்டோரம் ஒட்டியிருந்த சீனியையே சற்று நேரம் பார்த்தான்.

"மெதுவாவே வா மாப்ள" என்றான். "இனிமே அவசரமில்ல."