மூன்று மணிக்குள் ஒரு மூக்கு

"பூக்கு..." என்றார் வந்தவர்.

"பூக்கடை அடுத்த தெருவுல சார்," என்றார் மருந்துக்கடைக்காரம்மா, தலையை நிமிர்த்தாமலே.

வந்தவர் விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். காலையிலிருந்து கைக்குட்டையோடு மல்லுக்கட்டிச் சிவந்து போன மூக்கு. இரண்டு வாசலும் அடைத்துக் கிடந்ததால் அவர் சொல்ல நினைத்த 'ம' எல்லாம் 'ப'வாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. இனி அவர் பேச்சை நாமே திருத்தி எழுதிக்கொள்வோம். இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் நமக்கும் ஜலதோஷம் பிடித்துவிடும்.

விஷயம் இதுதான். மூன்று மணிக்கு அவருக்கு ஒரு வேலை. பத்தே நிமிஷ வேலை. ஆனால் அடைத்த மூக்கோடு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதற்கென்றே ஒரு இளவட்டம் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கடையில் இருப்பதிலேயே பலமான சைனஸ் மாத்திரையாக ஒன்று வேண்டும் என்றார்.

கடைக்காரம்மா அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தபடியே, காலையிலிருந்து வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா."

'பெரிசா' என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. சரி, சின்னதாக என்னென்ன என்று விசாரித்தார்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் தலைவலிக்கென்று மனைவி ஒரு மாத்திரை கொடுத்தார். வேண்டாம் என்றால் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது, விழுங்கினார். அடுத்து மச்சான் வந்தார். சட்டைப் பையிலேயே ஒரு மருந்துக்கடை நடத்துகிறவர். ஜலதோஷ மாத்திரை ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினார். மனைவி கொடுத்ததை விழுங்கிவிட்டு அவள் தம்பி கொடுத்ததைத் தள்ள முடியுமா? அதுவும் உள்ளே போனது. படியிறங்கினால் கீழ்வீட்டுக்காரர், எலுமிச்சை வாசத்தோடு ஒரு பொடியை வெந்நீரில் கலக்கி நீட்டினார். அது மருந்தே இல்லையாம், காப்பி மாதிரிதானாம்.

மூவருமே மத்தியானத்துக்கும் ஒன்று இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார்.

கடைக்காரம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சார், பேருதான் வேற வேற. மூணுலயும் பாரசிட்டமால் இருக்கு. நீங்க கேக்குற இந்த நாலாவதுலயும் இருக்கு. நாலு சட்டை மாத்திப் போட்டு வந்தாலும் ஆளு ஒருத்தர்தான்."

அப்படியானால் சீக்கிரமே கேட்குமே, நல்லதுதானே என்றார் அவர்.

"மூக்கு கேக்குமோ இல்லையோ, ஏன்யா இப்படிப் பண்ணேன்னு கல்லீரல் கேக்கும். உங்களுக்கு பிரஷர் இருக்கா?"

இருக்கிறது. தினமும் அதற்கொரு மாத்திரை போடுகிறார்.

"மச்சான் குடுத்ததுலயும் பொடியிலயும் மூக்கடைப்புக்கான மருந்து இருக்கு. அது ரத்தக் குழாயச் சுருக்கும். பிரஷர் எகிறும். நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

அடித்துக்கொண்டுதான் இருந்தது. வேகமாக நடந்து வந்ததால் என்று இத்தனை நேரம் நினைத்திருந்தார். இப்போது அவருடைய கை தானாக நெஞ்சுக்குப் போனது; முகத்தில் மூக்கைத் தவிர எல்லாம் வெளுத்துவிட்டது.

கடைக்காரம்மா வெளியே வந்து, அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். ஏறித்தான் இருந்தது. உடனே தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டார். இனி இன்றைக்கு இதில் எதுவுமே கூடாது, உட்கார வைத்து மறுபடி பாருங்கள், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார் டாக்டர்.

அவர் பெஞ்சில் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினால் மனைவி, மச்சான், கீழ்வீட்டுக்காரர் மூவரும் தன்னைச் சுற்றி நின்று, "நான் ஒண்ணே ஒண்ணுதானே குடுத்தேன்" என்று டாக்டரிடம் ஆளாளுக்குச் சொல்வது தெரிந்தது. இப்படியா போக வேண்டும், ஒரு மூக்கடைப்புக்காக?

மச்சானின் மாத்திரையில் தூக்க மருந்தும் கொஞ்சம் இருந்திருக்கிறது. பயந்துகொண்டே தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது. போனில் செய்தி வந்து கிடந்தது: அந்த இளவட்டத்தை வைத்தே வேலையை முடித்துவிட்டார்களாம். நல்லவேளையாகப் பிரஷரும் இறங்கியிருந்தது.

கடைக்காரம்மா மூக்குக்கு வெறும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கவும், ஓய்வெடுக்கவும், இன்று வண்டி எதையும் தொடாமல் இருக்கவும் சொன்னார். சொல்லி முடித்தும் மனசு ஆறவில்லை.

"படிச்சவர் மாதிரி இருக்கீங்க சார். ரேடியோவுல மருந்து விளம்பரம் முடியுறப்ப ஒருத்தர் சொல்வாரே, 'வேறு மருந்துகளுடன் சேர்த்து உட்கொள்ளும் முன் உறையைப் படிக்கவும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும்'னு மூச்சு விடாம, நீங்க கேட்டதே இல்லையா? அந்த மனுஷனும் பாவம், தினமும் தொண்டை கிழியச் சொல்லிட்டுதான் இருக்காரு."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அது நான்தாம்மா. அவ்வளவு வேகமாப் படிக்கிறதுல, என்ன சொல்றேன்னு எனக்கே இதுவரைக்கும் புரிஞ்சதில்ல."