மணலோரம் கட்டிய மாடு

“அக்கா, மாட்டை அவுத்துக்கிட்டுப் போங்க! எங்க மணலெல்லாம் பாழாவுது.”

நான் போட்ட சத்தத்தில் இடுப்பிலிருந்த என் பிள்ளையே அழ ஆரம்பித்துவிட்டது.

மனைக்குப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா நிதானமாக முளையடித்து, மாட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாசல் அத்தனை அகலம். அதை விட்டுவிட்டு, எங்கள் புது மனையில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை ஒட்டித்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

“இங்கதான் நெழலு இருக்குது செல்லம்மா.”

“காலையில ஏதுக்கா நெழலு?”

“சாயங்காலம் வருமில்ல?”

போயே போய்விட்டாள். மாடு நாக்கை நீட்டி மணலை நக்கத் தொடங்கியது.

அது சும்மா வந்த மணலா?

நாங்கள் குடியிருந்தது உப்பளத்தை ஒட்டின ஒரு கொட்டடி. கடல் மணலையும் உப்புத் தண்ணியையும் குழைத்து எழுப்பின சுவர். மழை வந்தால் உப்பு பூக்கும். பூத்த இடம் பொரிந்து கொட்டும். போன ஐப்பசியில் ஒரு பெரிய பத்தை பெயர்ந்து, பிள்ளை தூங்கின தூளிக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

“ஒரே ஒரு ரூமு கட்டினாலும் உப்பு படாமக் கட்டுவேன்” என்று அன்றைக்குச் சொன்னார் எங்க வீட்டுக்காரர்.

சிமெண்டு பர்மிட்டுக்கு அலைந்து அலுத்து, சுண்ணாம்பே போதும் என்று வந்துவிட்டோம். ஆனால் நன்றாக வெந்த செங்கல், ஆற்று மணல், குழைக்க நல்ல தண்ணி, இதில் மட்டும் குறை வைப்பதில்லை என்று முடிவு. என் காதுத் தோடுகூட அதில்தான் போயிருந்தது.

மணல் அடித்தது அனுமந்தை ஊர் வண்டிக்காரர் சடையப்பன். “சுத்தமான ஆத்து மணலுங்க” என்றார்.

எங்க வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். “கரிக்குதே?” என்றவர், தன் உள்ளங்கையையும் நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உப்பு வார்ற கையி. வெல்லத்த எடுத்தாலும் கரிக்கும்டி.”

நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாளும் மாடு வந்தது.

“நாங்க வீடு கட்டறது உங்களுக்குப் பொறுக்கலையா அக்கா?” வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“மாடு நக்கி மணலு கொறைஞ்சிடுமா? கொறைஞ்சா சொல்லு, மாட்டையே அரைச்சித் தரேன்.”

அதற்கு அடுத்த நாளும் அதே கதை. விடிந்தால் கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கடகால் தோண்ட வருகிறார். அக்காவிடம் பேசிப் பயனில்லை, மாட்டையே தாஜா பண்ணலாம் என்று ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து தள்ளிப் போட்டேன்.

மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி மணலையே நக்கியது.

வைக்கோலை விட்டுட்டு மணலைத் தின்னுமா ஒரு மாடு?

அப்போதுதான் சுருக்கென்றது. அளத்தில் உப்பு மூட்டையை நக்க வரும் மாடுகளை நான் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! அதுவும் இப்படித்தான், அடித்தாலும் நகராது.

கையை நன்றாகக் கழுவினேன். ஒரு சொம்பு நல்ல தண்ணியில் மணலை அள்ளிப் போட்டுக் கலக்கி, தெளிந்ததும் ஒரு வாய் குடித்தேன்.

கடலேதான்.

மத்தியானம் எங்க வீட்டுக்காரர் சடையப்பனைக் கையோடு கூட்டிவந்தார். மனிதர் வியர்த்து நின்றார். தெளிந்த தண்ணியை டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

“வெயில்ல வந்திருக்கீங்கண்ணே. குடிங்க.”

ஒரு மடக்கு குடித்தவர், தூவென்று துப்பினார்.

“என்னண்ணே, உங்க ஆத்துத் தண்ணி நல்லா இல்லையா?”

தலை குனிந்தது. “கடல் மணல பாதிக்குப் பாதி கலந்துட்டேன் தங்கச்சி. ஆத்துக்குப் போய்வர மாட்டால முடியலைன்னு...” என்று இழுத்தார். இருந்த மணலை அள்ளிப்போய், அசல் ஆற்று மணலாகவே கொண்டுவந்து கொட்டினார். அதுவரை கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவைத்தோம்.

புது மணல் வந்த அன்று, பாஞ்சாலை அக்கா மறுபடி மாட்டைக் கொண்டுவந்து கட்டினாள். மாடு ஒரு தரம் மோந்தது, தும்மியது, திரும்பி நின்று வைக்கோலைத் தின்றது.

அக்கா முளையைப் பிடுங்கிக்கொண்டு தன் வாசலுக்கே போய்விட்டாள்.

“ஏங்க்கா, நெழலு?” என்றேன்.

“இங்கயும் கொஞ்சம் இருக்குது.”

வீடு எழும்பிவிட்டது. தை மாதம் பால் காய்ச்சினோம். அந்த மாட்டுப் பால்தான் வேண்டும் என்று நானே கேட்டிருந்தேன். எங்கள் சுவரைக் காப்பாற்றினது அதுதானே?

நல்ல நேரத்துக்குப் பால் சொம்போடு வந்தாள் பாஞ்சாலை அக்கா. கூடவே, பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள். அவளுக்குப் பின்னால், வாசற்படியில் கால் வைக்கத் தயங்கி ஒரு ஆள்.

சடையப்பன்.

“உள்ள வாங்க மாப்ளே. நம்ம வீடு மாதிரிதான்” என்றாள் அக்கா.

சொம்பை வாங்க மறந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா... உங்களைப் போயி நான் என்னென்னவோ பேசினேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அவள் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னாள்:

“மாடு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க செல்லம்மா. பொண்ணக் குடுத்தவ நான் எப்படிச் சொல்லுவேன்?”