யாருக்கு இஷ்டமில்லை?

“உங்கம்மா இன்னைக்கும் சின்னவளுக்கு டப்பா கட்டிக் கொடுத்து, வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வர்றாங்க” என்றாள் மூத்த மருமகள்.

கண்ணாடி முன்னால் ஷேவ் செய்துகொண்டிருந்த கணவன் திரும்பவில்லை.

“அனுப்பினா அனுப்பிட்டுப் போறாங்க. உனக்கென்ன?”

“எனக்கென்னவா? நான் வந்தப்ப மட்டும் மருமக வேலைக்குப் போகக் கூடாது. இவளுக்கு ராஜ உபசாரம். ஒரு கண்ணுல வெண்ணெய், இன்னொரு கண்ணுல சுண்ணாம்பு.”

“அம்மா அப்ப அப்படி இருந்தாங்க. வயசாக ஆக மாறிட்டாங்க. அதைப் போய்க் கேட்டுகீட்டு வைக்காத. வீட்ல நிம்மதி போயிடும்.”

ஒன்பது வருடமாக அவள் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கட்டட இன்ஜினீயர் ஒருவரின் ஆபீசில் பிளான் வரைகிற வேலை. அவள் வரைந்ததைத் திருத்த வேண்டியதே இருக்காது என்பார் முதலாளி. கல்யாணமான பத்தாம் நாள், “அம்மாவுக்குப் பிடிக்கலை” என்று கணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ராஜினாமாக் கடிதத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தான்.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சின்னவள் வந்து ஆறு மாதம்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்பிப் போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அந்தக் கோட்டை வேண்டுமென்றே கலர்த் துணிகளோடு ஊறப்போட்டாள். திட்டுத் திட்டாக நீலம் ஏறிவிட்டது.

“பரவாயில்லக்கா, இன்னொண்ணு இருக்கு” என்று சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். லேபுக்கே தன்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று சின்னவள் சொன்னதும், மாமியார் அவள் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

“படிச்ச படிப்பை வீணாக்காமக் காப்பாத்திக்கிட்டேடி, என் ராசாத்தி.”

மூத்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“என் படிப்பு வீணாப் போனது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலையா அத்தை?”

மாமியாரின் முகம் இறுகியது.

“அதை நீயே கேக்கிறியா? என்னைப் பத்தாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க. வேலைக்குப் போற மருமக வர்றான்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பெருமையடிச்சேன். வந்த பத்தே நாள்ல வேலையை விட்டுட்டு உக்காந்துட்ட. கையில கிடைச்சதை இப்படி உதறிட்டாளே, நமக்குக் கிடைச்சிருந்தா விட்டிருப்போமான்னு அன்னைக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் கொஞ்சமில்ல. அதுக்கப்புறம் உன்கிட்ட ஒட்டவே முடியலை.”

“நானா உதறினேன்? உங்களுக்குப் பிடிக்கலைன்னுதானே விட்டேன்.”

“எனக்கா? யார் சொன்னது?”

மூத்தவள் கணவனைப் பார்த்தாள். மாமியாரும் அந்தப் பக்கம் திரும்பினாள். அவன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

“நில்லுடா” என்றாள் அம்மா. “‘அவளுக்கு வேலைக்குப் போக இஷ்டமில்ல, அந்தப் பேச்சை எடுத்தாலே அழறா’ன்னு எங்கிட்ட வந்து சொன்னது நீதானே?”

அவன் செருப்பைத் தேடுவதை விட்டுத் திரும்பினான். பிறகு, நியாயம் தன் பக்கம்தான் என்பதுபோல நிமிர்ந்தான்.

“ஆபீஸ்லேர்ந்து களைச்சு வர்றப்ப கதவைத் திறந்துவிட ஒரு ஆள் இருக்கணும்னு நினைச்சேன். அது ஒரு தப்பா?”